வீட்டு வாசலில் கார் வேலை: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு முடுக்குக்குள் எங்கள் வீடு. 2012 மாடல் வேகன்ஆர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்பது வருஷமாக அதன் வேலைகளில் பாதிக்கு மேல் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. மெக்கானிக் தொழில் படித்தவன் இல்லை. அம்பாசமுத்திரத்தில் அம்பாசிடர் வாடகைக்கு ஓட்டிய பெரியப்பாவுக்குச் சின்ன வயசில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். அளவும் கிரேடும் வண்டிக்கு வண்டி மாறும். அதற்கெல்லாம் உங்கள் வண்டியோடு வந்த கையேடு சொல்வதுதான் கணக்கு.

எனக்கு ஒன்றுமே தெரியாது. எதிலிருந்து தொடங்க?

ஸ்பேனரைத் தொடாமல் தொடங்குங்கள். வாரம் ஒருநாள் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் பேனட்டைத் திறந்து பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும், டிப் ஸ்டிக் சரியான அளவைக் காட்டும். குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. அப்புறம் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் இருக்கிற டப்பா, பிரேக் ஆயில் டப்பா, பெல்ட், நாலு டயர்.

வண்டி நின்ற இடத்தில் தரையையும் பாருங்கள். கறுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ வழவழப்பாக இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு உட்புறம் தெளிந்த மஞ்சளில் பிசுபிசுத்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள். ஏசி போட்டு வந்த வண்டிக்கு அடியில் வெறும் தண்ணீர் சொட்டுவது நல்லதுதான், பயப்பட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ராத்திரி ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள், காலையில் எது எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டு மாசம் இப்படிப் பார்த்தாலே உங்கள் வண்டி நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது கண்ணுக்கும் காதுக்கும் பழகிவிடும். வீட்டில் வேலை செய்பவருக்கு இருக்கிற பெரிய பலம் இதுதான். பட்டறைக்காரர் உங்கள் வண்டியை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறார், நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

ஒரே நாளில் பெரிய செட் வாங்காதீர்கள். 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், ஒரு சாக்கெட் செட், இரண்டு திருப்புளி, கட்டிங் பிளேயர், வீல் ஸ்பேனர், டயரில் காற்றுப் பார்க்கிற கேஜ், ஒரு மல்டிமீட்டர். முதல் வருஷத்துக்கு இது போதும். சாக்கெட் வாங்கும்போது ஆறு மூலை உள்ளதாகப் பாருங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் பழைய போல்ட்டின் முனையை மழுக்கிவிடும். நெற்றியில் கட்டுகிற எல்இடி விளக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோடி ஜாக்கி ஸ்டாண்ட் வாங்க வேண்டும். காரணம் அடுத்த பதிலில்.

வண்டியோடு வந்த ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்துப் பார்க்கலாமா?

கூடாது. ஒரு நிமிஷத்துக்கும் கூடாது. அந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்காகக் கொடுத்தது. ஒரே ஒரு திருகுக் கம்பியின் மரையில் வண்டியின் எடை நிற்கிறது. மரை தேய்ந்திருந்தாலும், வண்டி ஒரு விரல்கடை உருண்டாலும் ஜாக்கி சாய்ந்துவிடும். அடியில் ஆள் இருந்தால் நினைத்தே பார்க்க முடியாது.

முறை இதுதான். சமதளமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில் விடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வாசல் செம்மண்ணாக இருந்தால் ஜாக்கிக்குக் கீழே கனத்த பலகை போட வேண்டும். கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் முடுக்கில் மண் மேலே காய்ந்தது மாதிரித்தான் இருக்கும், எடை ஏறினதும் ஜாக்கியின் பாதம் மெதுவாகப் புதைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தூக்கியபின் கையேட்டில் காட்டியிருக்கிற இடத்தில் ஸ்டாண்டை வைத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, பக்கவாட்டில் நன்றாக அசைத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் மட்டும் உள்ளே போங்கள். செங்கலையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எஞ்சின் ஆயில் நானே மாற்ற முடியுமா?

முடியும். அவசரம் இல்லாமல் செய்தால் ஒரு மணி நேர வேலை.

வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கிற சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கீழே ஆயில் தேங்கும் சேம்பரின் டிரெயின் போல்ட்டுக்கு நேராக அகலமான பேசினை வையுங்கள். முதல் சுற்று ஸ்பேனரில், மீதி விரலில். கடைசி மரை வரும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றி, சட்டென்று இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் பேசினுக்குள் விழும், கை முழங்கை வரை கறுப்பாகும். முதலில் ஆயில் நீங்கள் நினைப்பதைவிடத் தள்ளிப் போய் விழும், பிறகு போகப் போகப் பேசினுக்கு நடுவுக்கு வரும். கடைசியில் நூல் மாதிரி இறங்கி, சொட்டுச் சொட்டாக நிற்கும். அதுவரை காத்திருங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதைப் பூட்டினால், ஓடும்போது ஆயில் மொத்தமும் பீய்ச்சிக்கொண்டு வெளியே போய்விடும். புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே பூட்டுங்கள். ரப்பர் தொட்டபின் முக்கால் சுற்று போதும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், அளவாக இறுக்குங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் இந்த வண்டியை வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை நானே கழற்றப் போனால், போல்ட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டு போயிருந்தது. நீளக் குழாயைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள். வைஸ் கிரிப் பிளேயரால் பிடித்து, சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்ற ஒரு காலை முழுக்கப் போயிற்று.

என் வண்டி ஏறக்குறைய மூன்று லிட்டர் குடிக்கும். கையேட்டில் போட்ட அளவில் கொஞ்சம் குறைத்தே ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிஷம் கழித்துக் குச்சியைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று சிலர் சொல்வார்கள். புதிய எஞ்சின்களில் பாகங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளிகள் நுணுக்கம், கெட்டி ஆயில் அதற்குள் எளிதில் போகாது. கையேடு 5டபிள்யூ-30 கிரேடு என்றால் அதையே ஊற்றுங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது? வேலிக்காலுக்கு அடித்தால் கரையான் வராதாமே?

அடிக்காதீர்கள். ஓடிய ஆயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகமும் எரிந்த கழிவும் கலந்திருக்கும், மழைக்கு மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வரும். சாக்கடையில் ஊற்றினால் ஓடை வழியாகத் தாமிரபரணிக்குத்தான் போகும். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். பழைய ஆயில் கேனிலேயே திரும்ப ஊற்றி மூடி, பேரல் வைத்துச் சேர்க்கிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பழைய பேட்டரியையும் அப்படியே கடையில் திரும்பக் கொடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

ஏர் ஃபில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

நீங்கள் ஓட்டும் ஊரைப் பொறுத்தது. பல கையேடுகளில் 40,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அது நல்ல சாலைக்குச் சொன்னது. தூசிச் சாலைக்குத் தனிக் கணக்கு அதே கையேட்டின் அடுத்த பக்கத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

ஆனி ஆடியில் ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகிற நாட்களை நினைத்துப் பாருங்கள். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் அந்தக் காற்றில் கிளம்பி வரும். அந்தப் பக்கம் வாரம் இரண்டு தடவை போகும் உறவினர் ஒருவரின் ஃபில்டரை ஆடி மாசக் கடைசியில் திறந்தேன். வெள்ளைக் காகிதமாக இருக்க வேண்டியது செங்காவி அடித்த சுவர் மாதிரி இருந்தது. மடிப்பை விரித்தால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் மணல். பெட்டிக்கு அடியில் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது.

இதற்குக் கருவியே வேண்டாம், நாலு கிளிப்பைத் தட்டினால் திறந்துவிடும். காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, தள்ளி நின்று, மெதுவாக அடியுங்கள். பஞ்சர் கடைக் காற்றை நெருக்கிப் பிடித்து அடித்தால் காகிதம் கிழியும். கிழிந்த ஃபில்டரை மாட்டுவதும் ஃபில்டரே இல்லாமல் ஓட்டுவதும் ஒன்றுதான். தண்ணீரில் கழுவ வேண்டாம். எடுத்த கையோடு டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஏசி ஃபில்டரையும் பாருங்கள். ஏசியில் காற்று குறைவாக வருகிறது என்பவர்களில் பாதிப்பேருக்கு வைத்தியம் அதுதான்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். நம் பக்கம் பல ஊரில் போர் தண்ணீர் உப்பு. சோறு பொங்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புப் படிவு ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்க்குள்ளும் படியும். பிறகு எத்தனை கூலன்ட் ஊற்றினாலும் சூடு இறங்காது. கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். அந்தக் கலவை தண்ணீரைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும், துருப் பிடிக்கவும் விடாது. வழியில் சூடேறி நின்றுவிட்டீர்கள், வேறு வழியில்லை என்றால் குடிதண்ணீர் ஊற்றி வீடு வந்து சேருங்கள், பிறகு கழுவி மாற்றிவிடுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் திறந்த நொடியில் ஆவியாகி முகத்துக்கு வரும். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும். இன்னொன்று: கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாயும் பூனையும் நக்கிவிடும். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.

எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப கூலன்ட்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் வண்டி சூடாகாது என்கிறார்களே என்றும் கேட்கிறார்கள். எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். கெட்டிருந்தால் புதிது மாட்டுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி போய்விட்டதா?

முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் போகாது. முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்ற வேண்டும். மாட்டும்போது தலைகீழாக, நெகட்டிவ் கடைசியில். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அந்தப் பூப்பு கரைந்து ஓடும். துடைத்து, காயவைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

மல்டிமீட்டரில் ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. வண்டி ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் வந்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஓடும்போதும் 12-லேயே நின்றால் புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை, அதுவும் இரண்டு நாளில் படுத்துவிடும். இந்தச் சின்ன மீட்டர் எங்கள் தெருவில் இரண்டு பேரைத் தேவையில்லாத பேட்டரிச் செலவிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

எலி வயரைக் கடித்துவிடுகிறது. என்ன செய்தும் போகவில்லை.

ஆற்றுப் பாசன ஊர்களில் எல்லாருக்கும் இந்தத் துன்பம் உண்டு. அறுப்பு முடிந்தால் வயலில் இருந்த எலிக்கு இரை இல்லை, மழை பெய்தால் வளைக்குள் தண்ணீர். ஓடி நின்ற எஞ்சின் அதற்குச் சூடான வீடு. புகையிலை, பாச்சா உருண்டை, மிளகாய்த்தூள் எல்லாம் வைத்துப் பார்த்தேன். வாசனை இருக்கும்வரை கொஞ்சம் பலன், எஞ்சின் சூட்டுக்கு வாரத்தில் அந்த வாசனை போய்விடும். எனக்குப் பலித்தது மூன்று வேலை: ராத்திரி பேனட்டைத் திறந்து வைப்பது, வயர் கொத்தின்மேல் நெளிக்குழாய் போட்டு மூடுவது, வண்டி நிற்கும் இடத்தின் பக்கத்தில் தவிட்டு மூட்டையும் கோழித் தீவனமும் வைக்காமல் இருப்பது. விஷம் வைத்தால் எலி எஞ்சினுக்குள்ளேயே செத்துக் கிடக்கும், அந்த நாற்றம் ஏசி வழியாக வரும்.

கடித்த வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங் குழாய் போட்டு மூடுங்கள்.

எங்கள் ஊர் கடற்கரை. வண்டி துருவேறுகிறது.

என் மாமனார் ஊர் உவரி. அங்கே நாலு நாள் நின்ற வண்டியின் கண்ணாடியை நாக்கால் தொட்டால் கரிக்கும். அந்த உப்புதான் அடித்தகட்டைத் தின்கிறது. மேலே கழுவிப் பளபளப்பாக்குகிறோம், கீழே யாரும் தண்ணீர் காட்டுவதில்லை. நல்ல தண்ணீர்க் குழாயைச் சக்கர வளைவுக்குள்ளும் அடியிலும் காட்டிக் கழுவுங்கள், வாரம் ஒருநாள்.

அடுத்தது கதவின் அடி விளிம்பு. கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியே போகும் வழி அது. செம்மண் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும், பிறகு உள்ளிருந்து வெளியே துருவேறி வரும். ஒரு தடவை கதவை ஆட்டியபோது உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்டது. வாரியலில் இருந்து ஒரு ஈர்க்கை உருவி விட்டுக் குத்தினேன், ஒரு செம்புத் தண்ணீர் கலங்கலாக ஊற்றியது. கம்பியால் குத்தாதீர்கள், பெயின்ட் போய்விடும். ஈர்க்குத்தான் சரி.

பிரேக் வேலையை வீட்டில் செய்யலாமா?

பார்ப்பதை நீங்கள் செய்யுங்கள். மாற்றுவதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து இரண்டு தடவை செய்தபின் செய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடின் தடிமன் தெரியும், 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். கீச்சென்று விடாமல் சத்தம் வந்தாலும் பாருங்கள், தேய்மானத்தைச் சொல்வதற்கென்றே சில பேடில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள்.

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. தவறிப்போய் எஞ்சின் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டு, பிரேக்கே போய்விடும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சவும் செய்யும். புதிய டாட் 3 வகை பிரேக் திரவம் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலையிலோ, பாபநாசத்தில் காரையாறு மேலிருந்தோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். திரவம் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

20 சதவீத எத்தனால் பெட்ரோலால் பழைய வண்டிக்குக் கேடா?

இந்தக் கலவைக்கு இ20 என்று பெயர். 2023-ல் அறிமுகமானது, இப்போது ஏறக்குறைய எல்லாப் பெட்ரோல் பங்கிலும் அதுதான். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்கள் அதற்கேற்றவை. பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் ஹோஸையும் ரப்பர் சீலையும் அடிக்கடி பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிகிறதா, பெட்ரோல் வாசம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெட்ரோலுக்கென்று விற்கும் ஹோஸை மட்டும் போடுங்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும். அது வண்டியின் கோளாறு இல்லை. மாசக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது.

காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கிற ப்ளூடூத் ஓபிடி கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனில் அந்த எண்ணைப் பார்க்கலாம். எந்தச் சுற்றில் கோளாறு என்று அந்த எண் சொல்லும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்லாது. மச்சான் காரில் பி0113 வந்தது, காற்றின் சூட்டைப் பார்க்கும் சென்சார். சென்சார் வாங்கப் பணத்தோடு கிளம்பியவரை நிறுத்தி, பேனட்டைத் திறந்தால், முந்தின நாள் ஏர் ஃபில்டர் மாற்றும்போது கழற்றிய பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. செலவே இல்லை. விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள், எஞ்சின் சரியாக எரியாமல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துபோகிற நிலை அது.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கிளப்புவது?

கிளப்பாதீர்கள். சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்த காலையில் எத்தனையோ பேர் ஓடுமா என்று ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதைக் காற்று மாதிரி அமுக்க முடியாது, பிஸ்டன் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சுத்தம் செய்தால் போதும் என்றிருந்த எஞ்சின் அந்த நொடியில் பிரித்து அடுக்க வேண்டிய எஞ்சின் ஆகிவிடும். அப்படி வளைந்த ராட் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விரல் தடி உருக்கு, லேசாக நெளிந்து நின்றது. அதன் சொந்தக்காரர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்புறம் கட்டி இழுத்துப் பட்டறைக்குத்தான். எஞ்சினுக்குள் போன தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பல பாலிசிகளில் தனியாக எஞ்சின் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும். ஐப்பசிக்கு முன்னாலேயே உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

வண்டியை மாற்றி அமைக்க ஆசை. எதுவரை சட்டம் விடும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரமும் தயாரித்தவர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. நிறம் மாற்றுவதானால் ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். கேஸ் கிட் அங்கீகாரம் பெற்றதாக, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பொருத்தியதாக, ஆர்சியில் ஏறியதாக இருக்க வேண்டும். அதை வீட்டில் பொருத்தும் பேச்சே வேண்டாம்.

முன்னால் போடும் இரும்பு பம்பர் கார்டை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுக்கச் சொல்லிவிட்டது. சரியான தடை. மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பாகத்தை அது நசுங்க விடாது, ஏர்பேக் விரிகிற நேரத்தையும் கெடுக்கும், எதிரே நடந்து வருபவரின் எலும்பையும் முறிக்கும். ஏர் ஹாரனும் வேண்டாம்.

ஹெட்லைட் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பல கார்களில் கம்பெனி ஹாலஜன் பல்பு 60/55 வாட், அதாவது ஹைபீமில் 60, லோபீமில் 55. அதை எடுத்துவிட்டு 100/90 போட்டால், இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஹைபீமில் 10 ஆம்பியர் ஓடிய இடத்தில் 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய வயரும் சுவிட்சும் அந்தச் சூட்டில் உருகும். ஹோல்டர் காவி நிறத்துக்குக் கருகி, பல்போடு ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாலுவழிச் சாலையில் எதிரே வருபவருக்குக் கண் கூசி ஒரு நிமிஷம் இருட்டிவிடும். மங்கிப்போன விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துத் தெளிய வைத்து, உயரத்தைச் சரி செய்தாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும்.

பாட்டுப் பெட்டி, பின்பக்கக் கேமரா, போன் சார்ஜர் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள். காரில் தீப்பிடிக்க ஃபியூஸ் இல்லாமல் இழுத்த வயரும் ஒரு காரணம்.

எதைத் தொடவே கூடாது?

மஞ்சள் பிளக் போட்ட ஏர்பேக் வயர். எலெக்ட்ரிக், ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிற வயர், அதில் ஓடுவது உயிரை எடுக்கும் மின்சாரம். ஏசி கேஸ். ஸ்டியரிங். ஷாக் அப்சார்பரின் சுருள்வில்லை அமுக்கிக் கழற்றுவது.

வாரண்டி இருக்கும் வண்டியில்?

வாரண்டி முடியும்வரை சர்வீஸைக் கம்பெனியிலேயே விடுங்கள், பில்லை எல்லாம் வைத்திருங்கள். காற்று, ஃபில்டர் பார்ப்பது, கழுவுவது, வைப்பர் மாற்றுவது இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயரை வெட்டி எதையும் சேர்க்காதீர்கள்.

பாகம் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க?

பழைய பாகத்தைக் கழுவித் துடைத்துக் கையோடு கொண்டு போங்கள். கடை அண்ணாச்சி "என்ன மாடல், எந்த வருஷம்?" என்று கேட்பார். அதோடு பாகத்தின் நம்பரையும் சொல்லுங்கள். பிரேக், ஃபில்டர், பெல்ட் மூன்றிலும் விலை குறைந்த போலியைத் தொடாதீர்கள். பெட்டியில் அச்சு மங்கியிருந்தாலோ, விலை ஸ்டிக்கரின்மேல் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தாலோ திருப்பிக் கொடுங்கள். டயர் என்றால் பக்கச் சுவரில் நாலு எண் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது.

நாமே செய்தால் மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

எனக்கு அப்படி நடந்ததில்லை. பெரிய வேலைக்கு இன்றும் பதினைந்து வருஷமாகப் பழகியவரிடம்தான் போகிறேன். போகும்போது என் நோட்டைக் கொண்டு போவேன்: எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எதை மாற்றினேன், என்ன சத்தம் எப்போது வருகிறது. "மூன்றாம் கியரில், ஏற்றத்தில், ஏசி போட்டால் மட்டும் சத்தம்" என்று சொன்னால் அவருக்கும் பாதி வேலை மிச்சம். நானாகப் பிரித்துப் பூட்ட முடியாமல் போனதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் கோளாறே இல்லாத இடத்தில் அவர் தேடிக்கொண்டிருப்பார். முறையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றும் பிள்ளைகளுக்குப் பேட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது.

முதல் வேலையை வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்கட்டுமா?

சனிக்கிழமை காலை தொடங்குங்கள். ஞாயிறு ஸ்பேர்ஸ் கடையும் லேத் பட்டறையும் பூட்டியிருக்கும். ஒரு வாஷர் தொலைந்தாலும், ஒரு போல்ட் முறிந்தாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வண்டி இருக்காது. சனிக்கிழமை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.